சிவப்புக்கு அடியில் கறுப்பு தெரிந்தால் படம் போலியா?

கேள்வி: எங்கள் எள்ளுத் தாத்தா ஜமீன்தார். 1880 வாக்கில் எடுத்து வண்ணம் பூசிய படத்தில் சரிகை வைத்த சிவப்பு அங்கி போட்டிருக்கிறார். வண்ணம் உதிர்ந்த இடங்களில் கறுப்பாகத் தெரிகிறது. "பின்னாளில் யாரோ பூசியது, கழுவி அசலை எடுத்துத் தருகிறேன்" என்கிறார் பழம்பொருள் வியாபாரி. கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அந்தக் காலத்தில் பிலிமுக்குப் பதில் கேமராவில் வைத்த கண்ணாடித் தகடுகளில் நீல ஒளிதான் நன்றாகப் பதியும். சிவப்பு பதியவே பதியாது. அதனால் சிவப்புத் துணி ஏறக்குறைய கறுப்பாக விழும், வெளிர்நீலம் வெள்ளையாகிவிடும். கறுப்பின் மேல் சிவப்பு இருப்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அங்கி சிவப்புதான் என்பதற்கு அது சாட்சியும் ஆகாது. பச்சையும் இருண்டுதான் விழும்.

அடியில் வெளுப்பாக இருந்து மேலே அடர்சிவப்பு பூசியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். அதற்கும் ஒரு விலக்கு உண்டு, பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: பளபளக்கும் பட்டு. மடிப்பின் மேட்டில் வெளிச்சம் தெறிக்கும் இடம் எந்த நிறத் துணியிலும் வெளுத்துத்தான் விழும். மடிப்பின் பள்ளமோ நிழலில் இருண்டிருக்கும். இரண்டையும் விட்டு, துணி சமமாகப் படிந்த மார்புப் பகுதியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சரிகையும் இப்படித்தான். மின்னிய இழை வெளுக்கும், மின்னாத இழை இருண்டு தொலைந்துபோகும். அதை மீட்கத்தான் ஓவியர்கள் பொன்தூளைப் பிசினில் குழைத்துப் புள்ளி வைத்தார்கள்.

கழுவினால் என்ன ஆகும்? இத்தகைய படங்களில் பெரும்பாலும் பூசியது பிசினில் குழைத்த நீர்வண்ணம். தண்ணீர் பட்டதும் கரையும். படத்தைத் தாங்கும் முட்டை வெண்கருப் பூச்சும் ஊறி விரிசல் விடும். மிஞ்சுவது மங்கிய பழுப்புத் தாள். அதுவாவது திரும்பி வந்தால் சரி. புதுப் பிரிண்டைக் கையில் கொடுத்துவிட்டு மூலத்தை அமுக்கிக்கொள்ளும் தரகர்கள் இருக்கிறார்கள். "பழைய படம் புதுப்பிக்கப்படும்" என்று போர்டு மாட்ட இந்த நாட்டில் படிப்பும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். கேட்க வேண்டியவர்களும் கேட்பதில்லை. வண்ணம் பூசுவது அன்றைய ஸ்டுடியோ வேலையின் ஒரு பகுதி. அந்த வண்ணத்தோடு இருப்பதுதான் அசல்.

படத்தைத் துடைக்காதீர்கள், ஊதாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் உறையும் கூடாது. அதன் நிலைமின்சாரம் உதிரும் வண்ணத்தை இழுத்துவிடும். நகல் வேண்டுமானால் ஸ்கேனரில் கவிழ்க்காமல், படத்தைக் கிடையாக வைத்து, இருபுறமும் 45 பாகையில் விளக்கு வைத்து, மேலிருந்து கேமராவில் எடுங்கள். சட்டம் போட்டால் கண்ணாடி படத்தைத் தொடாதபடி, நடுவில் சன்னல் வெட்டிய அமிலமற்ற அட்டை 3 மி.மீ. தடிமனில் வேண்டும். படம் ஒட்டியிருக்கும் பின்னட்டையைப் பிரிக்கவே வேண்டாம்.

செப்பனிட ஆள் தேடினால், வேலைக்கு முன் படத்தின் நிலையை எழுதி, புகைப்படத்தோடு கையொப்பமிட்டுத் தருவாரா என்று கேளுங்கள். தயங்குபவரிடம் படத்தை விட்டுவராதீர்கள்.