அங்க அடையாளம்

அன்புள்ள ஐயா,

என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் முனுசாமி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிப் போய்த் திரும்பவே இல்லை. நாங்கள் பாளையக்காரர் வம்சம் என்பார்கள். பழைய வீடு இடிந்துவிட்டது. அங்கே அவர் கல்லறை இருக்குமா? எந்த ஆவணத்தில் தேடலாம்? வீட்டில் 91 வயது அத்தைப்பாட்டி இருக்கிறார், ஆனால் பேச்சில் கோர்வை இல்லை.

கெ., குடியாத்தம்

அன்புள்ள கெ.,

பாளையக்காரர் கதையை விடுங்கள். மாதம் பத்து ஷில்லிங்குக்குக் கரும்பு வெட்டப் போனவரின் வம்சம், அது போதாதா? கல்லறையும் வேண்டாம். பெயர் வெட்டிய கல்லுக்குக் கூலிக்காரனிடம் ஏது காசு?

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலின் டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. 1911 வரை இந்தியாவிலிருந்து அப்படி ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். கப்பல் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. முனுசாமியை ‘மூன்சாமி’ என்றும் தேடுங்கள், காதில் விழுந்ததை எழுதிய குமாஸ்தாக்கள் அவர்கள்.

பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உயரம் என்று போகும் அந்தப் பட்டியலில் ஒரு கட்டம் என்னைத் தூங்கவிடுவதில்லை: உடல் அடையாளம். நெற்றியில் தழும்பு, கையில் மச்சம். பள்ளிச் சான்றிதழுக்காகச் சட்டையைத் தூக்கி மச்சம் தேடினோமே, அதேதான்.

என் அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ‘வலது முழங்காலுக்குக் கீழே தழும்பு’ என்றிருக்கிறது. எப்போதும் வேட்டி கட்டியவர், நான் பார்த்ததே இல்லை. அது எப்படி வந்தது என்று அத்தைக்குத் தெரிந்திருக்கும். ஊருக்குப் போகும்போது கேட்கலாம் என்றிருந்தேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எங்கள் நிலத்தின் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டைத் தேடிக்கொண்டிருந்த வாரம் அத்தை போய்ச் சேர்ந்தார். சர்வே எண் கிடைத்தது.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் எனக்குக் கோபமே வந்தது. அந்தக் கிழவிக்கு முனுசாமி யார் ஐயா? சொந்தப் பெரியப்பா! அவர் முகத்தைப் பார்த்திராவிட்டாலும் தன் அப்பா வாயால் கேட்டு வளர்ந்திருப்பாரே. பட்டியலில் எத்தனையோ முனுசாமிகள். உங்களவர் எவர் என்று பிரித்துக் காட்டப்போவது தகப்பன் பெயரும் தழும்பும்தான். கோர்வை இல்லையாம்! கப்பல் பட்டியலில் மட்டும் என்ன கோர்வை இருக்கிறது?

டர்பனுக்கு அப்புறம் எழுதலாம். இந்த ஞாயிறு வெற்றிலை வாங்கிக்கொண்டு போய்ப் பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். எடுத்த எடுப்பில் முனுசாமியைக் கேட்காதீர்கள். அவருடைய அப்பாவுக்கு எங்கே தழும்பு இருந்தது என்று கேளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள், தயவுசெய்து குறுக்கே பேசாதீர்கள்.