வங்கியியல், நிதியியல் பட்டப்படிப்பு: கணக்கு சுமாராக வந்தால் சேரலாமா?

கேள்வி: பள்ளிப் படிப்பு முடியப்போகிறது. பல்கலைக்கழகத்தில் வங்கியியலும் நிதியியலும் சேர்ந்த பட்டப்படிப்பில் சேரச் சொல்கிறார்கள் வீட்டில். கணக்கில் நான் சுமார்தான். வணிகவியலும் படித்ததில்லை. சமாளிக்க முடியுமா? சேருமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: சமாளிக்கலாம். ஆனால் கணக்கில் எந்தப் பகுதி உங்களுக்கு வரவில்லை என்று முதலில் பாருங்கள். முக்கோணவியலும் வடிவியல் நிரூபணங்களும்தான் பயம் என்றால் கவலையே வேண்டாம், இங்கே அவை தலைகாட்டுவதே அபூர்வம். சதவீதம், கூட்டுவட்டி, அடுக்குகள், சமன்பாட்டில் தெரியாத எண்ணைக் கண்டுபிடிப்பது, நிகழ்தகவு, திட்ட விலக்கம் ஆகியவைதான் அன்றாடம் கைக்கு வரும். இவற்றில் பலர் தடுமாறுவது புள்ளியியலில். சேர்வதற்கு முன் கிடைக்கும் விடுமுறையை அதற்கே செலவிடுங்கள்.

வணிகவியல் படிக்காதது பெரிய குறையில்லை. கணக்குப்பதிவியலை முதல் ஆண்டில் அடிப்படையிலிருந்தே சொல்லித்தருவார்கள். ஆனால் அந்தப் பாடத்தை ஒப்புக்குப் படித்துத் தேறிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பின்னால் வரும் எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது. வங்கியின் சொத்தையும் கடனையும் காட்டும் பேலன்ஸ் ஷீட்டையே எடுத்துக்கொள்வோம். நாம் போட்ட டெபாசிட் நமக்குச் சொத்து, வங்கிக்கோ அது திருப்பித் தரவேண்டிய கடன். வங்கி கொடுத்த கடன்தான் வங்கியின் சொத்து. வங்கியின் மொத்தச் சொத்து 100 என்றால், அதில் 92 டெபாசிட்தாரர்களின் பணமாகவும் வெறும் 8 மட்டும் பங்குதாரர்கள் போட்ட மூலதனமாகவும் இருக்கலாம். சொத்தின் மதிப்பு எட்டு சதவீதம் சரிந்தால் அந்த மூலதனம் முழுவதும் போய்விடும். வேறு தொழில்களில் இதே சரிவை ஒரு மோசமான ஆண்டு என்று சொல்லித் தாண்டிவிடலாம்.

அடுத்த தூண், பணத்தின் கால மதிப்பு. இன்றைய 100-ம் பத்து ஆண்டு கழித்து வரும் 100-ம் ஒன்றல்ல. ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து நீங்களே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். முகமதிப்பு 100, ஆண்டுக்கு 3 வட்டி, பத்து ஆண்டில் முதிர்வு என்று ஒரு கடன் பத்திரம். வாங்கிய மறுநாளே சந்தை வட்டி 5 சதவீதமாக ஏறிவிடுகிறது. இனி வரப்போகும் ஒவ்வொரு தொகையையும் 5 சதவீதத்தில் கழிவு செய்து (அதாவது, கூட்டுவட்டியைப் பின்னோக்கிப் போட்டு இன்றைய மதிப்புக்குக் குறைத்து) கூட்டினால் பத்திரத்தின் இன்றைய மதிப்பு சுமார் 84.56 என்று வரும். யாரும் ஏமாற்றவில்லை, கடன் வாங்கியவர் திவாலாகவும் இல்லை, ஆனாலும் 15-க்கு மேல் காணாமல் போய்விட்டது. வட்டி ஏறினால் பத்திர விலை ஏன் இறங்குகிறது என்பதை மனப்பாடம் செய்பவர்கள் உண்டு. ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு அது தேவைப்படாது.

இப்போது இரண்டையும் சேருங்கள். அந்த 100 சொத்தில் 50 இப்படிப்பட்ட பத்திரங்களில் இருந்தால் இழப்பு 7.7. மூலதனம் 8. மிச்சம் 0.3! அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கிக்கு 2023 மார்ச்சில் நேர்ந்ததன் எலும்புக்கூடு இதுதான். நீண்டகாலப் பத்திரங்களில் பெரும் பணத்தைப் போட்டிருந்தது. வட்டி வேகமாக ஏறியது. சில பத்திரங்களை நஷ்டத்துக்கு விற்றதாக அறிவித்ததும் வாடிக்கையாளர்கள் மிரண்டு ஒரே நாளில் சுமார் 42 பில்லியன் டாலரை எடுக்க முயன்றார்கள். அடுத்த நாளே வங்கி மூடப்பட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவது ஏன் என்பதைப் பொருளியல் பாடத்தில் படிப்பீர்கள். பொருளியலாளர்கள் டக்ளஸ் டயமண்டும் பிலிப் டிப்விக்கும் 1983-இல் அதை விளக்கும் கணித மாதிரி ஒன்றை எழுதினார்கள், 2022-இல் இன்னொரு பொருளியலாளர் பென் பெர்னான்கியுடன் சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார்கள். கணக்குப்பதிவு, கணிதம், பொருளியல், மனித பயம் நான்கும் ஒரே நிகழ்வில் சந்திப்பதைப் பார்க்கும்போது உங்களுக்கு ஆர்வம் பிறக்கிறதா? பிறந்தால் தயங்காமல் சேருங்கள். சுமாரான கணக்கைப் பயிற்சியால் சரிசெய்துவிடலாம், ஆர்வமின்மையைச் சரிசெய்வதுதான் கஷ்டம்.

சேருமுன் பட்டத்தின் பெயரைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஒரே பெயரில் இரண்டு வேறு படிப்புகள் இருக்கும். ஒன்று வங்கிச் சட்டம், கிளை நிர்வாகம், கடன் நடைமுறை என்று போகும். இன்னொன்று முதலீடு, நிறுவன நிதி, இடர் மேலாண்மை என்று போகும். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பாடங்களைப் படியுங்கள். நிதிநிலை அறிக்கை பகுப்பாய்வு, புள்ளியியல், இடர் மேலாண்மை மூன்றும் கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வங்கிகள் எவ்வளவு மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்பது போன்றவற்றைச் சொல்லும், 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வந்த பாசல் 3 என்ற சர்வதேச விதிகளைத் தனிப் பாடமாகவோ ஒரு பாடத்தின் கணிசமான பகுதியாகவோ வைத்திருந்தால் இன்னும் நல்லது. நிஜ நிறுவனங்களின் அறிக்கைகளை வைத்துப் பயிற்சி உண்டா, ஸ்ப்ரெட்ஷீட்டைத் தாண்டி ஏதாவது நிரல்மொழி உண்டா என்பதையும் விசாரியுங்கள். முடிந்தால் இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடம் கேளுங்கள், விளம்பரக் கையேட்டில் இல்லாதது அங்கே கிடைக்கும்.

வேலை என்றதும் பலருக்குக் கவுன்டர்தான் நினைவுக்கு வருகிறது. அந்த வேலையில் பெரும்பகுதி இயந்திரத்துக்கும் கைபேசிக்கும் போய்விட்டது. கடன் மதிப்பீடு, இடர் கண்காணிப்பு, விதிமுறை இணக்கம், வங்கியின் சொந்தப் பணத்தையும் முதலீட்டையும் நிர்வகிக்கும் கருவூலப் பிரிவு என்று மற்ற கதவுகள் இருக்கின்றன. முதலீட்டுத் துறையினருக்கான சி.எஃப்.ஏ. போன்ற தொழில்முறைத் தேர்வுகளைப் பற்றி முதல் ஆண்டிலேயே கவலைப்பட வேண்டாம். மூன்று நிலை கொண்ட அந்தத் தேர்வின் முதல் நிலையைப் பட்டம் முடிக்குமுன்பே எழுத வாய்ப்பிருக்கிறது, கடைசி ஆண்டு நெருங்கும்போது யோசித்தால் போதும். அதற்கு முன், ஏதாவது ஒரு வங்கியின் ஆண்டறிக்கையை இணையத்திலிருந்து இறக்கி, அதன் டெபாசிட் எவ்வளவு, மூலதனம் எவ்வளவு, வாராக் கடன் எவ்வளவு என்று மட்டும் தேடிப் பாருங்கள். பாதி புரியாவிட்டாலும் சரி.