கஷ்டப்பட்டால்தான் சகோதரியா?

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

எனக்கு 31 வயது. சொந்த ஊர் பாளையங்கோட்டை. அமெரிக்காவில், அட்லாண்டாவில் பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். உடன்பிறந்தவர் ஒரே அண்ணன். அக்கா, தங்கை கிடையாது. இங்கே வந்த புதிதில் பல்கலைக்கழகம் விட்டால் அறை, அறை விட்டால் பல்கலைக்கழகம் என்றுதான் இருந்தேன்.

ஒரு தேவாலயத்தில் நடந்த ரத்த அழுத்தப் பரிசோதனை முகாமுக்கு உதவப் போன இடத்தில் சில கறுப்பினப் பெண்கள் பழக்கமானார்கள். மருத்துவர், பள்ளி முதல்வர், வழக்கறிஞர் என்று எல்லாரும் வேலையில் இருப்பவர்கள். பழமையான ஒரு சோராரிட்டியின் பட்டதாரிகள் கிளையைச் சேர்ந்தவர்கள். சோராரிட்டி என்பது கல்லூரிப் பெண்களின் சங்கம். ஆனால் கறுப்பினப் பெண்களின் சோராரிட்டிகளில் உறுப்பினர் உறவு ஆயுளுக்கும் தொடர்கிறது. பட்டம் பெற்ற பெண்கள் இந்தக் கிளைகள் வழியாகப் புதிதாகவும் சேரலாம். கமலா ஹாரிஸும் இப்படியொரு சங்கத்தின் உறுப்பினர்தான் என்று சொன்ன பிறகே அம்மாவுக்குப் பயம் தெளிந்தது.

சென்ற ஆண்டு என்னை அழைத்தார்கள். நேர்காணல் நடத்தி, முறைப்படி சேர்த்துக்கொண்டார்கள். நான் காய்ச்சலில் கிடந்தபோது முறை வைத்து வந்து பார்த்துக்கொண்டார்கள். பிரச்சினை வேறு. இளங்கலைக் காலத்தில் ரகசியச் சடங்குகளைத் தாண்டி வந்த மூன்று நான்கு பேர் என்னைப் ‘பேப்பர்’ என்கிறார்கள். காகிதத்தில் மட்டும் உறுப்பினராம். கூட்டத்தில் என் வணக்கத்துக்குப் பதில் வராது. “இந்தியப் பெண்ணுக்கு இங்கே என்ன வேலை?” என்று ஒருத்தி என் காதுபடவே கேட்டாள். இப்போது அவர்களே, “நிஜமான சகோதரி ஆக வேண்டுமானால் சில வெள்ளிக்கிழமை இரவுகள் எங்கள் வீட்டுக்கு வா, யாரிடமும் சொல்லாதே” என்று செய்தி அனுப்புகிறார்கள். இரவெல்லாம் நிற்க வைப்பார்கள், திட்டுவார்கள், மரத்தட்டையால் அடியும் விழலாம் என்று கேள்விப்படுகிறேன். தவறு என்று தெரிகிறது. ஆனாலும் போய்விட்டு வந்தால் இந்த ஒதுக்கல் நின்றுவிடுமே என்று மனம் அடித்துக்கொள்கிறது. நான் என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அட்லாண்டா

அன்புள்ள மகளுக்கு,

போகாதீர்கள். “என்னதான் நடக்கிறது, பார்த்துவிட்டு வரலாம்” என்றுகூடப் போகாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. முதலாவது, “இந்தியப் பெண்ணுக்கு இங்கே என்ன வேலை?” என்ற கேள்வி. கேட்ட விதம் முரட்டுத்தனமானது, உங்களுக்கு வலித்திருக்கும். ஆனால் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. வெள்ளையர் சங்கங்கள் கறுப்பினப் பெண்களுக்குக் கதவடைத்திருந்த காலத்தில், 1908-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற கறுப்பினப் பெண்களின் சோராரிட்டி பிறந்தது. 1913-இல் அங்கேயே டெல்டா சிக்மா தீட்டா என்ற இன்னொரு சோராரிட்டியை 22 மாணவிகள் தொடங்கினார்கள். அந்த ஆண்டு மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண் வாக்குரிமைப் பேரணியில் அவர்கள் நடந்தார்கள். கறுப்பினப் பெண்கள் கடைசியில் வரட்டும் என்று ஏற்பாட்டாளர்கள் நினைத்த பேரணி அது. அத்தனை பாடுபட்டுக் கட்டிய வீட்டுக்குள் வெளியிலிருந்து ஒருத்தி வரும்போது “எதற்கு வந்தாய்?” என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அதற்குப் பதில், நீங்கள் ஏற்கெனவே முகாம்களில் செய்துகொண்டிருக்கும் வேலை. அது மெதுவாகத்தான் போய்ச் சேரும். பொறுத்திருங்கள்.

இரண்டாவது, வெள்ளிக்கிழமை இரவுகள். அடி வாங்கிக்கொள்வது அந்தக் கேள்விக்கு எந்த வகையில் பதிலாகும்? நீங்கள் அடி தாங்குவீர்கள் என்பதைத் தவிர வேறெதையும் அது அவர்களுக்குச் சொல்லாது.

அவர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதற்கு உளவியலில் ஒரு பழைய விளக்கம் உண்டு. எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் இருவரும் 1959-இல் வெளியிட்ட ஆய்வில் 63 கல்லூரி மாணவிகளை ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர அழைத்தார்கள். சிலரை மட்டும் கூச்சம் தரும் சொற்களை ஆண் ஆய்வாளர் முன் உரக்கப் படிக்க வைத்தார்கள். பிறகு எல்லாருக்கும் ஒரே கலந்துரையாடலைப் போட்டுக் காட்டினார்கள். வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி தயாரித்த பதிவு அது. அதிகமாகக் கூனிக்குறுகியவர்களே அதை அதிகமாக ரசித்ததாகச் சொன்னார்கள். பட்ட பாடு வீண் என்று ஒப்புக்கொள்ள மனம் வராது. உங்களைத் தங்களுக்குச் சமமாக ஏற்றால், அன்று தாங்கள் பட்டது தேவையற்றது என்றாகிவிடும். அதுதான் அந்தப் பெண்களைத் தடுக்கிறது என்று நினைக்கிறேன். அவர்கள் மீது எனக்கு இரக்கம் உண்டு. அந்த இரக்கத்துக்காக நீங்கள் உங்கள் உடம்பைக் கொடுக்க வேண்டியதில்லை.

உங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். முனைவர் பட்ட மாணவியின் வாழ்க்கையே தீராத தேர்வு. தகுதித் தேர்வு, ஆய்வு முன்வரைவு, குழுவின் ஒப்புதல் என்று யாராவது ஒருவர் “இன்னும் போதாது” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அதே குரல் தோழிகளிடமிருந்தும் வரும்போது, இதையும் எழுதிமுடித்துவிடலாம் என்று கை தானாக நீள்கிறது. ஆனால் இந்தத் தேர்வு ஏற்கெனவே முடிந்துவிட்டது. முறைப்படி சேர்ந்த நாளிலேயே நீங்கள் முழு உறுப்பினர். இதற்கு மேல் ஒரு படி இருப்பதாகச் சொல்ல அந்த நாலு பேருக்கு அதிகாரமே கிடையாது.

அந்த இரவுகளை உங்கள் சங்கமே தடை செய்திருக்கிறது. 1989-இல் உங்கள் அட்லாண்டாவிலேயே, மோர்ஹவுஸ் கல்லூரி மாணவர் ஒருவர் ஆண்கள் சங்கமொன்றின் சேர்க்கைச் சடங்கில் நினைவிழந்து இறந்தார். அடுத்த ஆண்டே கறுப்பினச் சங்கங்கள் கூடிப் பழைய சடங்கு முறையை ஒழித்தன. தடைக்குப் பிறகு அது மறைவிடங்களுக்குப் போனது, உயிரிழப்பும் நிற்கவில்லை. ஜார்ஜியா மாநிலம் 2021-இல் தன் சட்டத்தைக் கடுமையாக்கியது. மாணவி சம்மதித்தாள் என்பது அந்தச் சட்டத்தில் சாக்காகாது. நமக்கும் இது தெரியாத கதை அல்ல. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. “விளையாட்டுக்குத்தானே” என்று சொன்ன பெரியவர்கள் அன்று இங்கும் நிறையப் பேர் இருந்தார்கள்.

வெளியே சொன்னால் காட்டிக்கொடுத்தவள் ஆகிவிடுவேனோ என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் வரிகளுக்கு இடையே அந்தப் பயம் தெரிகிறது. அந்த அழைப்பு உங்களோடு நிற்காது. அடுத்த ஆண்டு வருபவள் உங்களைவிடச் சின்னவளாக, இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ உள்ளவளாக இருக்கலாம். காய்ச்சலில் உங்களைப் பார்த்துக்கொண்டவர்களும் அதே சங்கத்தினர்தான். இது தெரிந்தால் அவர்கள்தான் முதலில் கொதிப்பார்கள்.

செய்தி அனுப்பியவர்களுக்கு “நான் வரமாட்டேன்” என்று ஒரே வரியில் பதில் போடுங்கள். காரணம் எழுதாதீர்கள், காரணம் சொன்னால் பேரம் தொடங்கும். வந்த செய்திகளை அழிக்க வேண்டாம். உங்களைச் சங்கத்துக்கு முன்மொழிந்த பெண்ணை இந்த வாரமே நேரில் பார்த்து, அவற்றைக் காட்டுங்கள். அவர் மழுப்பினால் சங்கத்தின் தலைமையகத்துக்கும் உங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் நல அலுவலகத்துக்கும் எழுதுங்கள். அப்படி எழுத நேர்ந்தால், அனுப்பும் முன் ஒரு பிரதியை எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து பார்த்துவிட்டு அனுப்பலாம்.