பழைய காரும் பந்தய ஆசையும்: வாசகர் கேள்வி-பதில்

கே: ஆட்டோகிராஸிலும் (நேரத்தை அளக்கும் திறந்தவெளிப் போட்டி), செட்டிப்பாளையம் பந்தயத் தடத்தில் நடக்கும் டிராக் டேக்களிலும் (சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாட்கள்) ஓட்டிப் பழக ஒரு பழைய கார் தேடுகிறேன். இரண்டு கிடைத்திருக்கின்றன. 2003 மாருதி எஸ்டீம்: இன்ஜின் புகைக்கிறது, பாடியில் துரு இல்லை, ரூ.75,000. 2002 ஹோண்டா சிட்டி 1.5 விடெக்: இன்ஜின் அருமை, அடித்தகட்டில் ‘கொஞ்சம்’ ஒட்டு வேலை, ரூ.1.4 லட்சம். நண்பர்கள் எல்லோரும் சிட்டி என்கிறார்கள். — வாசகர், கோயம்புத்தூர்

ப: எஸ்டீம்.

ஓட்டிப் பார்த்தால் உங்களுக்குச் சிட்டிதான் பிடிக்கும். 106 குதிரைத்திறன் கொண்ட அந்த விடெக் இன்ஜின், 85 குதிரைத்திறன் எஸ்டீமை நேர்ப்பாதையில் எளிதாக விட்டுப் போய்விடும். ஆனால் புகைக்கிற இன்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து (போரிங்), பிஸ்டனும் ரிங்கும் மாற்றிவிடலாம். என்ன செலவாகும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும் முடியும். அடித்தகடு அப்படியல்ல. ‘கொஞ்சம்’ என்று விற்பவர் சொல்லும் ஒட்டு வேலை, மேலே பூசிய பட்டியை (நிரப்புப் பூச்சை) சுரண்டியபின் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வளைவில் காரின் பாரம் முழுவதையும் தாங்குவது அந்தத் தகடும், சஸ்பென்ஷனின் மேல்முனை பொருந்தும் ஸ்ட்ரட் டவரும்தான். இன்ஜின் சத்தத்தில் மயங்கி நான் வாங்கிய ஒரு காரில், கார்ப்பெட்டைத் தூக்கியபோது கீழே சாலை தெரிந்தது. விற்றவர் அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை.

உதிரிபாகங்களையும் யோசியுங்கள். எஸ்டீமின் 1.3 லிட்டர் இன்ஜின் குடும்பம்தான் ஜிப்சியிலும் முதல் தலைமுறை ஸ்விஃப்ட் பெட்ரோலிலும் இருந்தது. அதைப் பிரித்துப் பார்க்காத மெக்கானிக் உங்கள் ஊரில் குறைவு. எளிய இன்ஜின் என்று அலட்சியம் வேண்டாம். உங்கள் ஊர்ப் பந்தய ஓட்டுநரும் கார் வடிவமைப்பாளருமான கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் பந்தயம் ஓட்டியது அதில்தான்.

இரண்டு கார்களுமே 20 ஆண்டுகளைத் தாண்டியவை. பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமே 2025 முதல் ரூ.10,000. அதையும் கணக்கில் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

கே: காரின் மேல் இருந்த கடன் தீர்ந்துவிட்டதாம். வங்கிக் கடிதத்தைப் பிறகு தருகிறேன், முழுப் பணத்தையும் இப்போதே கொடு என்கிறார் காரை விற்பவர். கொடுக்கலாமா? — வாசகர், மதுரை

ப: கடிதம் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.

கே: காருக்குள் ரோல் கேஜ் (பாதுகாப்புக் குழாய்க் கூண்டு) போட ஒரு பட்டறையில் ரூ.60,000 கொடுத்தேன். ‘சீம்லெஸ் குழாய்’ (பற்றவைப்பு இணைப்பு இல்லாதது) என்று பில்லிலேயே இருக்கிறது. போட்டிக்கு முன் காரைச் சோதித்தவர், குழாயின் உட்புறம் நீளவாக்கில் ஓடும் பற்றவைப்புக் கோட்டைக் காட்டி அனுமதி மறுத்துவிட்டார். பட்டறைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். — வாசகர், திருப்பூர்

ப: உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டு, எழுத்திலும் வாங்கியிருக்கிறீர்கள். உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்.

இந்தக் குழாய் வியாபாரத்தைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. கார் உருளும்போது கூரை தலைமேல் இறங்காமல் தடுப்பது ரோல் கேஜ். அதில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்கு என்ன குழாய் வேண்டும் என்பதைப் பன்னாட்டு மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. தெளிவாகவே சொல்கிறது: குளிர்நிலையில் இழுத்த, இணைப்பில்லாத கார்பன் எஃகு, விட்டம் 45 மி.மீ. என்றால் சுவர் 2.5 மி.மீ., 50 மி.மீ. என்றால் 2 மி.மீ. கால்களைப் பாடியில் பொருத்தும் இடத்தில் குறைந்தது 3 மி.மீ. தடிமனும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள வலுவூட்டுத் தகடு வேண்டும். நம் பட்டறைகள் சில, நாற்காலி செய்யும் குழாயை வளைத்து, வெறும் அடித்தகட்டில் போல்ட் போட்டு, மேலே சிவப்பு வண்ணம் அடித்துக் கொடுக்கின்றன. அந்தக் குழாய் உருளும் காரில் மடங்கி, ஓட்டுபவரை நோக்கியே வரும். அதற்குக் கேஜ் இல்லாத காரே மேல். வாங்குபவர் பெரும்பாலும் இருபது வயதுப் பையன். சேமிப்பை முழுவதும் கொட்டியிருப்பான். அவனுக்கு இதைச் செய்ய எப்படி மனம் வருகிறது?

இனி நீங்கள் செய்ய வேண்டியது: சோதித்தவரிடம் காரணத்தை எழுதி வாங்குங்கள். குழாயின் ஒரு துண்டை வெட்டிப் பத்திரப்படுத்துங்கள். பட்டறைக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வழி கேட்க 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அந்தக் கேஜைக் கழற்றும்வரை காரைத் தடத்தில் இறக்காதீர்கள்.

கே: இணைய விளம்பரத்தில் படம் பார்த்து ரூ.90,000 அனுப்பினேன். கார் லாரியில் வந்தது. சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் வேறு வேறு. நேரில் போகாதது அவ்வளவு பெரிய தவறா? — வாசகர், ஈரோடு

ப: ஆம், பெரிய தவறு. ஒரு கிலோ கத்தரிக்காயைக்கூடப் புரட்டிப் பார்த்து வாங்குகிறோம். தொண்ணூறாயிரம் ரூபாய்க் காருக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுக்க உங்களுக்கு மனமில்லை. இது திருட்டு வண்டியாக இருக்கலாம். ஓட்டாதீர்கள், பிரித்தும் விற்காதீர்கள். இன்றே இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைத்துப் பணம் போன விவரத்தைப் பதிவு செய்துவிட்டு, காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். நுகர்வோர் ஆணையம் வியாபாரிகள் மீது புகார் செய்வதற்கானது. சொந்தக் காரை விற்கும் தனிமனிதரை அங்கே இழுப்பது கடினம்.

கே: டிராக் டேயில் தடுப்பில் மோதினால் முழுக் காப்பீடு பணம் தருமா? — வாசகர், சேலம்

ப: தராது. பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பகுதியைப் படியுங்கள். பந்தயமும் வேகச் சோதனையும் அங்கே விலக்கப்பட்டிருக்கும். கார் முழுவதும் போனாலும் தாங்கக்கூடிய தொகைக்கே தடத்துக்கான காரை வாங்குங்கள்.

கே: புதிய டயர் பாதி விலையில் தருகிறார்கள். வாங்கலாமா? — வாசகர், வேலூர்

ப: பக்கச்சுவரில் தயாரிப்புத் தேதியைக் காட்டும் நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 1418 என்றால் 2018-இன் 14-ஆவது வாரத்தில் செய்தது. பளபளப்பாக இருக்கிறதே என்று நான் ஒருமுறை வாங்கியவை இப்படி ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்த பழைய சரக்குதான். ஈரத் தரையில் பிடிக்கவே இல்லை. அந்த எண் சில டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். ரிம்மில் மாட்டுவதற்கு முன்பே நான்கு டயர்களையும் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.