கிரேஸ் கூலிட்ஜின் வகுப்பறை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க அதிபர் கால்வின் கூலிட்ஜின் மனைவி கிரேஸைக் கல்வியாளர் என்று எழுதியிருந்தீர்கள். அவர் பாடம் நடத்தியதே மூன்று வருடம்தானே? அதுவும் காதுகேளாத பிள்ளைகளுக்குச் சைகைமொழி சொல்லிக்கொடுத்தார், இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

மூன்று வருடம் என்பது சரி. 1902-இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி நார்தாம்ப்டன் ஊரில் காதுகேளாதோருக்கான கிளார்க் பள்ளிக்கு வந்தார், 1905-இல் கல்யாணம். சைகைமொழி என்பதுதான் சரியில்லை. கிளார்க் பள்ளி வாய்மொழி முறையின் கோட்டை; அதாவது, வாயால் பேசவும் பிறர் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் பழக்குவது. அங்கே சைகைக்கு இடமே இல்லை.

அந்த முறையில் பிள்ளையின் ஒரு கை ஆசிரியையின் தொண்டையில், மறு கை தன் தொண்டையில் இருக்கும். அதிர்வு ஒத்துவரும்வரை ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். நாக்கு எங்கே படுகிறது என்று பார்க்கக் கண்ணாடி. ‘ப’ சொன்னால் உதட்டுக்கு முன் பிடித்த காகிதத் துண்டு ஆட வேண்டும். ‘ம’வுக்கு அது ஆடாது, மூக்கில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும்.

பேசப் பழக்குவதற்கு இது சரி. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதில்தான் சிக்கல். பணம், மணம் இரண்டையும் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள்; உதட்டில் வித்தியாசமே இராது. ‘க’ தொண்டைப்பக்கம் ஒளிந்துகொள்ளும். மிச்சத்தை ஊகிக்க வேண்டும், ஊகிக்க மொழி முன்பே தெரிந்திருக்க வேண்டும். பேசப் பழகிய பிறகு காது போனவர் சமாளித்துவிடுவார். பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு ஊகிக்க எதுவும் கையில் இராது. சைகையையும் தடுத்தது பெரிய தவறு என்றே நினைக்கிறேன். கிரேஸ் கடைசிவரை அந்த முறையின் பக்கமே நின்றார்.

கல்யாணத்தோடு பள்ளி உறவு விட்டுப்போகவில்லை. கூலிட்ஜ் பதவி முடியும் தறுவாயில் கிளார்க் பள்ளிக்காக 20 லட்சம் டாலர் நிதி திரண்டது. 1935-இல் கிரேஸ் அதன் நிர்வாகக் குழுத் தலைவரானார். என் கணக்கில் மூன்று வருடத்தைவிட இதுவே கனம்.

சைகை அவருக்குத் தெரியாமலும் இல்லை. மனைவி பத்திரிகைகளுக்குப் பேட்டி தருவது கூலிட்ஜுக்குப் பிடிக்காது. ஒருமுறை பெண் நிருபர்கள் ‘நீங்கள் பேசியே ஆக வேண்டும்’ என்று வற்புறுத்த, எழுந்து நின்று முழு உரையையும் கையாலேயே நிகழ்த்திவிட்டு உட்கார்ந்தாராம்.