20 பேர் சந்திப்பு: கொடைக்கானல் குணா குகைக்குள் இறங்கிக் குழுப்படம் எடுக்க முடியுமா?

முடியாது. குகை வாயிலைக் கம்பி வேலி போட்டு அடைத்திருக்கிறார்கள். தள்ளி நின்றுதான் பார்க்கலாம். வேலியைத் தாண்டினால் வனத்துறை வழக்குப் போடும்.

2024-இல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படம் பார்த்துவிட்டு இப்படிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் வரும் குகையின் உட்புறம் பெரும்பாலும் செட். 'குணா' (1991) படக்குழுதான் நிஜமாகவே உள்ளே இறங்கிப் படமாக்கியது.

குழுப்படத்துக்கு, போகும் வழியில் வெளியே பின்னிக் கிடக்கும் மர வேர்களே போதும். உண்மையில் குகையைவிட அதுதான் அழகு.

கிளம்பும் முன் கொடைக்கானலுக்குள் வர வண்டி வாரியாக இ-பாஸ் (ஆன்லைன் அனுமதிச் சீட்டு) இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வேனுக்கு எடுத்த பாஸ் அடுத்த வேனுக்குச் செல்லாது. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்குத் தேவையில்லை.

காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் பக்கத்துத் தூண் பாறையும் தெரியாது. வேர்கள் ஈரத்தில் வழுக்கும், செருப்பு வேண்டாம்.