ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிஸும்: தேதி ஒன்று, நாள் வேறு

வணக்கம் சார். உங்கள் மகளின் பேச்சில் "ஆங்கில நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23 அன்று, ஒரே நாளில் இறந்தார்கள்" என்ற வரியை ஆசிரியர் அடித்துவிட்டார் என்கிறீர்கள். அடித்தது சரிதான்.

ஸ்பெயின் 1582லேயே, இன்று நாம் பின்பற்றும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. 1616இல் இரண்டுக்கும் பத்து நாள் இடைவெளி. ஷேக்ஸ்பியர் ஸ்ட்ராட்ஃபோர்டில் கண்மூடிய ஏப்ரல் 23, ஸ்பெயின் கணக்கில் மே 3. போதாக்குறைக்கு, செர்வாண்டிஸ் இறந்தது 22ஆம் தேதி, 23 அடக்கம் செய்த நாள் என்றுதான் இப்போது பெரும்பாலோர் கொள்கிறார்கள்.

வரியை மொத்தமாக எடுக்க வேண்டாம். "தேதி ஒன்று, நாள் வேறு" என்று மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள், கூட்டம் நிமிர்ந்து உட்காரும். யுனெஸ்கோ 1995இல் ஏப்ரல் 23ஐப் புத்தக நாளாக்கியதும் இந்தத் தேதியை வைத்துத்தான்.

நிஜமாகவே ஒரே நாள் வேண்டுமென்றால் அமெரிக்காவுக்குப் போங்கள். முன்னாள் அதிபர்கள் ஜெஃபர்சனும் ஜான் ஆடம்ஸும் 1826 ஜூலை 4 அன்று, சுதந்திரப் பிரகடனத்தின் 50ஆம் ஆண்டு நிறைவன்றே, சில மணி நேர இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள். ஜெஃபர்சன் வர்ஜீனியாவில் மதியம், ஆடம்ஸ் மாசசூசெட்ஸில் மாலை. அப்போது ஏது தந்தி, தொலைபேசி? முன்னவர் போன செய்தி பின்னவருக்குக் கடைசிவரை எட்டவில்லை.